ரயிலை நிறுத்திய குடை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புக் குடை இருக்கிறது. அதன் கம்பிகளில் மூன்று ஒடிந்துவிட்டன. துணியைப் பூச்சி அரித்துவிட்டது. கைப்பிடி மட்டும் பளபளவென்று இருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்கு வருகிற உறவினர் எவரும் அதை ஒருமுறை கீழே இறக்கித் தொட்டுப் பார்க்காமல் திரும்புவதில்லை. என் கொள்ளுத்தாத்தா அந்தக் குடையைக் கொண்டு ஓடுகிற ரயிலை நிறுத்தினார் என்பது, எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தம் முழுப்பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொள்ளும் செய்தி.

நடந்ததாகச் சொல்லப்படுவது இதுதான். கொள்ளுத்தாத்தா ஏதோ அவசர வேலையாக வெளியூர் போக வேண்டியிருந்தது. என்ன வேலை என்று எந்தக் கதைசொல்லியும் இதுவரை சொன்னதில்லை. கேட்டால், கதையைக் கெடுக்க வந்தவனைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள். அன்று வந்த வண்டியோ அந்த நிலையத்தில் நிற்கும் வண்டி அல்ல. அவர் தண்டவாளத்தில் இறங்கி, நடுவில் நின்று, குடையை விரித்து, அதைக் கேடயம் போல் முன்னால் நீட்டினார். எஞ்சின் அலறியது, சக்கரங்களில் பொறி பறந்தது, வண்டி நின்றது. நடுநடுங்கி இறங்கி வந்த ஓட்டுநரை ஏற இறங்கப் பார்த்த கொள்ளுத்தாத்தா, இடுப்பிலிருந்த கடிகாரத்தை எடுத்து நேரம் பார்த்துவிட்டு, "ஏன் நான்கு நிமிடம் தாமதம்?" என்று கேட்டார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

இந்தக் கதையை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கணக்கெடுத்து வைத்திருக்கிறேன். தாத்தா சொன்னபோது, வண்டி கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பர்லாங் தூரத்தில் நின்றது. அப்பா சொன்னபோது அது பத்து அடி தூரமானது. நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு கை தூரம் என்கிறேன், இதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. என் அத்தை பேரன் சொல்லும்போது, குடையின் நுனி எஞ்சினின் மூக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு தலைமுறைக்கு இவ்வளவு என்று அந்த ரயில் இன்றும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அது உண்மையில் நின்றது என்று சொல்வதற்கே இல்லை.

வேகமாக வரும் ரயில் பிரேக் பிடித்தபின் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தேவைப்படும் என்பதையும், ஒரு பர்லாங் என்பது சுமார் 200 மீட்டர்தான் என்பதால் தாத்தா சொன்ன அடக்கமான வடிவமே நம்பத் தகுந்ததல்ல என்பதையும் கல்லூரிக் காலத்தில் ஒருமுறை குடும்பத்தார் கூடியிருந்த இடத்தில் எடுத்துரைத்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சித்தப்பா, "பிரேக் பிடித்து நின்ற வண்டிக்குத்தானே அந்தக் கணக்கு? அது பயந்து நின்ற வண்டி" என்றார். அத்துடன் பௌதிகம் அந்த வீட்டை விட்டு வெளியேறியது.

கதைகள் கைமாறும்போது என்ன ஆகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் சோதித்துப் பார்த்து 1932இல் நூலாக வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஒருவரைப் படிக்கச் செய்து, நினைவிலிருந்து எழுத வைத்து, அதை அடுத்தவரிடம் கொடுத்து, அவர் எழுதியதை அதற்கடுத்தவரிடம் கொடுத்து என்று சங்கிலியாக அனுப்பினார். கதை கைமாறக் கைமாறச் சுருங்கியது. படிப்பவருக்குப் பழக்கமில்லாதவை பழக்கமானவையாக மாறின. துடுப்புத் தோணி சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. புரியாத இடங்களுக்குக் காரணங்கள் தாமாக முளைத்தன. பார்ட்லெட்டின் கதை சுருங்கியது, எங்கள் கதையோ வளர்ந்தது என்று முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் எங்களுடையதும் சுருங்கித்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர், ஆண்டு, பயணத்தின் காரணம், உடன் போனவர்கள் எல்லாம் உதிர்ந்துபோய், குடை, ரயில், கடிகாரம், ஒரு கேள்வி ஆகிய நான்கு மட்டுமே எஞ்சியிருக்கின்றன. சுமை குறைந்ததால்தான் அது இவ்வளவு உயரம் பறக்கிறது போலும்.

அடுத்ததாகப் பாட்டியின் திருடன். பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது. ஒரு நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்த திருடனை, அன்று வருவதாகச் சொல்லியிருந்த தம் அண்ணன் மகன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "இதுதான் வருகிற நேரமா?" என்று தொடங்கி, கடிதம் போடாதது, தலை வாராதது, இளைத்துப் போனது என ஒவ்வொன்றாகத் திட்டி முடித்துவிட்டு, வந்ததுதான் வந்தாய், பரணில் இருக்கும் இரும்புப் பெட்டியை இறக்கிக் கொடு என்று சொல்லியிருக்கிறார். திருடன் இறக்கினான். பிறகு அது வேண்டாம், பக்கத்துப் பெட்டி என்றார். முதல் பெட்டியை ஏற்றிவிட்டு அதையும் இறக்கினான். பொழுது விடியும் நேரத்தில் பாட்டி கண்ணாடியைத் தேட எழுந்தபோது, அவன் வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான்.

அந்தச் செருப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடது காலில் வார் அறுந்து, சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. படியின் ஓரத்தில் அது தனியாகக் கிடந்ததையும், பாட்டி அதைக் கையில் எடுத்து, பாவம், வெறுங்காலுடன் போய்விட்டானே என்று வருந்தியதையும் நான் கண்ணால் பார்த்தேன். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். திருடன் வந்து போனதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் நான் பிறந்தேன். இந்த உண்மை எனக்குத் தெரியவந்தபோது என் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை எத்தனையோ நண்பர்களிடம், நேரில் கண்ட சாட்சியாக, சிவப்பு நூல் உட்பட இதை விவரித்திருக்கிறேன்.

எனக்கு ஆறுதல் அளித்தவர் ழான் பியாஜே. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்து புகழ் பெற்ற அந்த சுவிஸ் உளவியலாளருக்கும் இப்படியொரு நினைவு இருந்தது. வாழ்வின் இரண்டாம் ஆண்டில், பாரிஸில் தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த அவரை ஒருவன் கடத்த முயன்றதாகவும், செவிலித்தாய் அவனோடு போராடியதாகவும், அவள் முகத்தில் கீறல்கள் விழுந்ததாகவும், கூட்டம் கூடிக் காவலர் வந்ததும் அவன் ஓடியதாகவும் அவருக்குத் தெளிவான காட்சிகள் மனத்தில் இருந்தன. அவருக்குச் சுமார் 15 வயதானபோது அந்தச் செவிலித்தாயிடமிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது. கடத்தல் முயற்சி என்று எதுவுமே நடக்கவில்லை, கீறல்களையும் தாமே உண்டாக்கிக்கொண்டதாக ஒப்புக்கொண்ட அவர், துணிச்சலுக்குப் பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். வீட்டில் கேட்ட கதை, பார்த்த நினைவாக உருமாறியிருந்தது. மனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கே கதி இது என்றால், நான் ஒரு ஜோடிச் செருப்பைக் கற்பனை செய்ததைப் பெரிய குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுக்க என்னிடம் கடிகாரமும் இல்லை.

கதை யாருடையது என்பதிலேயே தகராறு வருவதும் உண்டு. எங்கள் வீட்டில் அது அலமாரிக் கதை. கண்ணாமூச்சி விளையாட்டில் துணி அலமாரிக்குள் ஒளிந்த குழந்தை அங்கேயே தூங்கிப்போக, வீடே அலறிப் பதைத்து, ஆளுக்கொரு திசையாகத் தேடப் புறப்பட்டுவிட்டது. நடுவில் விழித்து வெளியே வந்த குழந்தை, வீட்டில் ஒருவரும் இல்லாததைக் கண்டு, பொறுப்புணர்ச்சியுடன் வாசற்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டது. தேடப் போனவர்கள் எல்லாம் இரவு முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழந்தை தாம்தான் என்கிறார் பெரியப்பா. தாம்தான் என்கிறார் அப்பா. இருவரும் அலமாரிக்குள் இருந்த நாப்தலீன் உருண்டையின் வாடை வரை சொல்வார்கள். இதற்காக ஒருமுறை ஒரு வாரம் பேசாமலும் இருந்திருக்கிறார்கள்.

இரட்டையரிடையே இப்படிப்பட்ட வழக்குகள் உண்டு என்பதை மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 20 இரட்டையர் இணைகளிடம் பழைய நினைவுகளைக் கேட்டபோது, 14 இணைகளில் குறைந்தது ஒரு நிகழ்ச்சியாவது இருவராலும் "எனக்கு நடந்தது" என்று சொந்தம் கொண்டாடப்பட்டது. அப்பாவும் பெரியப்பாவும் இரட்டையர் அல்லர், இரண்டு வயது வித்தியாசம். வழக்கைத் தீர்க்க நான் பாட்டியிடம் போனேன். அவர் சற்றும் யோசிக்காமல், "இரண்டு பேரும் இல்லை, உன் அத்தை" என்றார். அத்தையிடம் கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். இத்தனை ஆண்டுகளாக ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவர்கள் இருவரும் சண்டை போடும்போது பார்க்க நன்றாக இருந்தது" என்றார். என்னைக் கேட்டால், எங்கள் குடும்பத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இந்த ஒரு வாக்கியம்தான். இதை இன்னும் யாரும் கதையாக்கவில்லை என்பது எங்கள் ரசனையின் குறை.

வேடிக்கைக் கதைகள் எல்லாம் கொள்ளுத்தாத்தாவையும் பாட்டியையும் எங்கள் சிறுவயதையும் சுற்றியே நிற்பதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். ஆப்பிரிக்க வாய்மொழி வரலாறுகளை ஆராய்ந்த யான் வான்சினா, மக்கள் தம் தொடக்ககாலத்தைப் பற்றியும் அண்மைக்காலத்தைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள், இடைப்பட்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள், தலைமுறைகள் நகர நகர அந்த இடைவெளியும் கூடவே நகரும் என்று எழுதினார். அதற்கு மிதக்கும் இடைவெளி என்று பெயரிட்டார். அவர் சொன்னது பல நூற்றாண்டுக் கணக்கு. ஆனாலும் எங்கள் சிறிய குடும்பத்தில் அந்த இடைவெளிக்குள் சரியாக விழுந்தவர் என் தாத்தா. கொள்ளுத்தாத்தாவின் கதையை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவரே அவர்தான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒரு கதைகூட இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒழுங்காக வேலைக்குப் போனார், நேரத்துக்கு வீடு திரும்பினார், எந்த ரயிலையும் நிறுத்தவில்லை. எல்லா ரயிலுக்கும் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவார். குடும்பக் கதைகளில் இடம்பிடிக்க இதைவிட மோசமான தகுதி வேறில்லை.

சிரிப்புக் கதைகள் எதையோ மூடிக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணமும் அவ்வப்போது எனக்கு வருவதுண்டு. கொள்ளுத்தாத்தாவின் முன்கோபத்தைப் பற்றி நாங்கள் சிரித்துக்கொண்டே பேசிய ஒருநாள், அத்தை குடையின் ஒடிந்த கம்பிகளைத் தடவியபடி, "இது ரயிலுக்காக ஒடிந்தது என்றா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தாத்தாவும் அவருடைய தம்பிமாரும் அந்த வீட்டில் குழந்தைகளாக இருந்தவர்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அடி வாங்கியவர்கள், அடித்த கையில் இருந்த பொருளை வைத்து ஒரு வேடிக்கைக் கதை பண்ணியிருக்கிறார்கள். அந்தக் கதையை முதலில் சொன்னவர் தாத்தாதான் என்பதை வைத்து நானாக இப்படி ஊகிக்கிறேன். அத்தை அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குடையைத் திருப்பிப் பரணில் வைக்கச் சொன்னார்.

கதைகள் உண்மையாக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நான் கண்டவற்றில் மிகவும் பிடித்த பதில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகிய உளவியலாளர்கள், பிள்ளைகளுக்குத் தம் குடும்ப வரலாறு எவ்வளவு தெரியும் என்று அளக்க 20 கேள்விகளைத் தயாரித்தார்கள். பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பன போன்ற கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல, கடைசிக் கேள்வி. போதிய அளவு சிரிக்காததால் முகம் சிடுசிடுப்பாகவே உறைந்து போய்விட்ட உறவினர் ஒருவரைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று அது கேட்கிறது. 15 சதவீதம் பேர் ஆம், தெரியும் என்று விடையளித்தார்களாம்! குடும்பங்கள் சொல்லும் கதைகள் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை என்று அதற்கு டியூக் விளக்கமும் எழுதினார். எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தாள் வந்திருந்தால், விடையோடு அந்த உறவினரின் பெயரையும் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டிருப்போம்.

போன ஆண்டு வீட்டை வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்த இரும்புப் பெட்டிகளை இறக்க வேண்டியிருந்தது. (திருடன் இறக்கியவை என்பதால் இவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு மதிப்பு உண்டு.) ஒன்றில் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் கொள்ளுத்தாத்தாவின் குறிப்பேடு கிடைத்தது. நாளுக்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. முழுவதும் புரட்டினேன். ரயில் என்ற சொல் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது இப்படி இருந்தது: "காலை முதல் மழை. ரயில் நான்கு மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்டேன், பதில் சொல்வாரில்லை. இறங்கும்போது குடையை வண்டியிலேயே மறந்துவிட்டேன். புதிதாக ஒன்று வாங்க வேண்டும்."

நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. ரயில் நின்றது உண்மை. எங்கேயோ, வேறு எதற்கோ, நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது. கேள்வி உண்மை. நான்கு என்ற எண்கூட நான்கு தலைமுறை வாய்களைக் கடந்து, மணியை மட்டும் நிமிடமாக மாற்றிக்கொண்டு, முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. குடையும் உண்மைதான், ஆனால் அது எந்த ஊர்ப் பாதையிலோ யார் கையிலோ போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் இத்தனை ஆண்டுகளாகத் தொட்டு வணங்காத குறையாகப் பாதுகாத்து வந்த குடை, அதற்குப் பதிலாக வாங்கப்பட்ட குடை.

குறிப்பேட்டை எல்லோரும் கூடியிருந்தபோது வாசித்துக் காட்டினேன். உள்ளூர ஒரு குற்ற உணர்வு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாசித்து முடித்ததும் அனைவரும் அத்தையைப் பார்த்தார்கள், அந்த வீட்டில் மூத்தவர் அவர்தான்.

"எங்கள் தாத்தா தம் பெருமையைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளும் மனிதரா?" என்றார் அத்தை.

பெரியப்பா உடனே ஆமோதித்தார். ரயிலை நிறுத்தியதைப் போய் ஒருவர் நாட்குறிப்பில் எழுதுவாரா, அடக்கம் என்று ஒன்று இல்லையா என்று கேட்டார். அப்படியானால் பரணில் இருப்பது எந்தக் குடை என்று நான் விடாமல் கேட்டேன். அது இரண்டாவது குடை என்று அப்பா சொன்னார். குடையைத் தொலைத்ததாக அவரே எழுதியிருக்கும்போது, இந்த இரண்டாவது குடைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று மறுபடியும் கேட்டேன். இதற்கு யாரிடமும் பதில் இல்லை. சித்தப்பாகூட முகவாயைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அப்போது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை பேரன், இவ்வளவு எளிய விஷயம்கூடப் புரியவில்லையே என்ற முகத்துடன் என்னைப் பார்த்து, "முதல் குடையை விட்டுவிட்டுப் போன ரயிலை, இரண்டாவது குடையால்தானே நிறுத்தி அதை வாங்கியிருப்பார்?" என்றான்.

அத்தை அவனை அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த முறை உறவினர் வந்தபோது குடையைப் பரணிலிருந்து இறக்கிக் காட்டியது அவன்தான். முதல் குடை எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு, அது தேய்ந்துபோய்விட்டது, அதற்கும் முன்னால் எத்தனையோ ரயில்களை நிறுத்திய குடை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.